இரண்டு கைகளையும் நீட்டியபடி

மூக்கு நுனி அரிக்கத் தொடங்கியது. பூரணியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இடது முழங்கை மடிப்பில் ஒரு தடித்த ஊசி, வலது முழங்கை மடிப்பில் இன்னொன்று. இடது பக்கமாக ரத்தம் வெளியே போய், தலைமாட்டில் நிற்கும் இயந்திரத்துக்குள் சுற்றி, அதற்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மிச்சமெல்லாம் வலது பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நாலரை மணி நேரம் கையை மடக்கக் கூடாதுக்கா, எங்கயாவது அரிச்சாக் கூப்பிடுங்க, நான் சொறிஞ்சு விடறேன், இதுக்கெல்லாம் கூச்சமே படக் கூடாது என்று சிஸ்டர் பெனிட்டா ஒன்பது மணிக்கே சொல்லியிருந்தாள். கூப்பிடலாம்தான். ஆனால் மூக்கைச் சொறிந்துவிடச் சொல்லி ஒருத்தியைக் கூப்பிட நாக்கு எழவில்லை. பூரணி மூக்கைச் சுருக்கினாள், விரித்தாள், மேலுதட்டைத் தூக்கி மூக்கில் உரசப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் கடிகாரம் ஒன்பது ஐம்பது காட்டியது. அரிப்பு தானாகவே நகர்ந்து கன்னத்துக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறைந்துபோனது. காலைப் போர்த்தியிருந்த கம்பளி கதகதப்பாக இருந்தது. இயந்திரம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே கோவை நகரத்தின் வெயில் ஓசையில்லாமல் போக்குவரத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. திருப்பூரில் இந்நேரம் கம்பெனியில் செக்கிங் டேபிளில் அவள் இடத்தில் வேறு யாரையோ நிற்க வைத்திருப்பார்கள். பதினாறு வருஷமாக அந்த டேபிளில் டியூப்லைட்டுக்குக் கீழே பனியன்களை விரித்துப் பார்த்துக் கறை, ஓட்டை, தையல் பிசகு கண்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுகிறவள் அவள். கையைச் சும்மா வைத்துக்கொண்டு இப்படிப் படுத்திருப்பது இந்தப் பதினாறு வருஷத்தில் முதல் தடவை. முதல் தடவையா? இல்லை. இதற்கு முன் ஒரு தடவை படுத்திருந்தாள். அது பதினோரு வருஷத்துக்கு முன்னால். அதை இப்போது நினைக்க வேண்டாம்.

ஐந்து நாளாக ஊசி. தினமும் காலையும் மாலையும் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து ஒரு ஊசி. எலும்புக்குள்ளே இருக்கிற ஸ்டெம் செல் எல்லாம் ரத்தத்துக்கு வரணுமில்லீங்களா, அதுக்குத்தான் என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் இடுப்பு எலும்பு உள்ளிருந்து வெளியே யாரோ தள்ளுகிற மாதிரி வலித்தது. இருமினால் வலி, உட்கார்ந்தால் வலி. புருஷன் லோகநாதன் வெந்நீர்ப் பை வைத்துவிட்டு, பல்லைக் கடிச்சுக்க பூரணி, ரெண்டு நாள்தான் என்றார். அவர் இப்போது வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று மாடிக்கு மேலே, கண்ணாடிக் கதவு போட்ட தனியறையில் அக்கா இருக்கிறாள். சௌந்தரி. பூரணிக்கு ஆறு வயசு மூத்தவள், கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். அவளுடைய எலும்புக்குள் இருந்ததையெல்லாம் ஒரு வாரமாக மருந்து ஏற்றிச் சுத்தமாக வழித்துப் போட்டுவிட்டார்கள். இனி பூரணியிடமிருந்து எடுப்பதை அவளுக்கு ஏற்ற வேண்டும். மாமா, அதாவது அக்காவின் புருஷன், நாலு மாசத்துக்கு முன்னால் கம்பெனி கேட்டுக்கே வந்து நின்றார். சாயந்தர ஷிஃப்ட் விடுகிற நேரம். பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டு மனிதர். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உங்கக்காளுக்கு ஈறுல ரத்தம் வந்துட்டே இருந்துது, கையெல்லாம் நீலம் நீலமா பூத்துது, ரத்தத்த ஒரு மிசின்ல விட்டுப் பாத்தாங்க அம்மணி, ஒரே நாள்ல இன்ன வகைக் கேன்சர்னு சொல்லிப்போட்டாங்க என்றார். நிறுத்தி, உன் ரத்தம் சேருமான்னு பாக்கச் சொல்றாங்க என்றார். பூரணி கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். பதினெட்டு நாள் பதில் சொல்லவில்லை. பிறகு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு வர இரண்டு வாரமாயிற்று. அந்த இரண்டு வாரத்தில் ஒரு காலை, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்தபடி நின்றபோது, சேராமல் போகட்டும் என்று நினைத்தாள். தெளிவாக, வார்த்தை வார்த்தையாக நினைத்தாள். பாலை இறக்கி வைத்தாள். சேராமல் போகட்டும், சேராமல் போனால் யார் மேலும் தப்பு இல்லை. ஒத்துப் பார்த்த அடையாளங்கள் பத்துக்குப் பத்து சேர்ந்தன. சரிங்க மாமா என்றாள். பிறகு ஒருநாள் டாக்டரம்மா தனியறையில் வைத்து, கூட யாரும் இல்லாமல் கேட்டார். நீங்களா விருப்பப்பட்டுத்தான குடுக்கறீங்க, வீட்ல யாரும் கட்டாயப்படுத்தலையே, இப்ப வேண்டாம்னு சொன்னாக்கூட நாங்க வெளிய ஏதோ காரணம் சொல்லிக்குவோம், உங்க பேர் வராது. எவ்வளவு பெரிய கதவைத் திறந்து வைத்தார் அந்த அம்மா. விருப்பத்தோடதாங்க என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒல்லியான ஒரு ஆள் வந்தார். கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் மூன்று பேனா. சிஸ்டர், ஃப்ளோ லேப்லருந்து வர்றேன், அட்டெண்டர் லீவு, சாம்பிள் நானே எடுத்துட்டுப் போறேன் என்றார். பெயர் சாதிக் என்று கோட்டில் எழுதியிருந்தது. இயந்திரத்தின் மேலே தொங்கிய சின்னப் பையிலிருந்து ஒரு துளியைச் சின்னக் குழாயில் வாங்கிக்கொண்டார். காலையில் எடுத்த சாம்பிளையும் அவர்தான் பார்த்தாராம். ரத்தத்துக்கு வந்திருந்த ஸ்டெம் செல்லின் எண்ணிக்கை பதினாலு என்று பெனிட்டா முன்பே சொல்லியிருந்தாள். பதினாலு என்றால் நல்லதா என்று பூரணி கேட்டதற்கு, இருபதுக்கு மேல இருந்தா டாக்டர் சந்தோசப்பட்டிருப்பார் என்று மட்டும் சொல்லி, போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது சாதிக்கைப் பார்த்துப் பூரணி கேட்டாள்.

"அதுல என்னதாங்க பாப்பீங்க?"

அவர் நின்றார். யாரும் அவரிடம் இதைக் கேட்பதில்லை போல. "ஒவ்வொரு செல்லா வரிசையில போக விடுவோம்ங்க. தலைமுடியவிட மெல்லிசா ஒரு தண்ணி ஓட்டம். ஒண்ணு பின்னாடி ஒண்ணா அதுல போகும். நடுவுல ஒரு நீல லேசர் வெளிச்சம். முன்னாடியே ஒரு சாயம் கலந்து வெச்சிருப்போம், ஸ்டெம் செல் மேல மட்டுந்தான் அது ஒட்டும். ஒட்டினது வெளிச்சத்துல மின்னும். மின்னினத எண்ணுவோம்."

"எத்தனை மின்னும்?"

"ஆயிரத்துக்கு ஒண்ணு ரெண்டு மின்னினாலே தாராளம்ங்க."

"அக்காளுக்கு வந்த நோயக் கண்டுபிடிச்சதும் இதுலதானா?"

"அதே மிசின்தான். சாயம் வேற. ரத்தத்துல எந்தக் குடும்பத்துச் செல் கெட்டுப்போச்சுன்னு அதோட மேல ஒட்டற சாயத்த வெச்சுச் சொல்லிரலாம். அக்காளுக்கு இத ஏத்தி முடிஞ்சதுக்கப்புறமும் மாசாமாசம் பாப்போம். பத்தாயிரத்துல ஒரு கெட்ட செல் ஒளிஞ்சிட்டிருந்தாக்கூடத் தெரியும்."

பூரணி அவர் கையில் இருந்த குழாயைப் பார்த்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "குடுக்கறவங்களுக்கு மனசில்லீன்னா... பயமோ, வேற ஏதோ இருந்துதுன்னா... கொறையுங்களா?"

சாதிக் சிரிக்கவில்லை. குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பெயர்ச் சீட்டைச் சரிபார்த்தார். "அதுக்கு இன்னும் யாரும் சாயம் கண்டுபிடிக்கலீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா? கடிகாரம் பத்து நாற்பது. இயந்திரத்துக்குள் ஏதோ ஒன்று வேகம் கூடிச் சுழன்று மறுபடி அடங்கியது. குழாயில் போகிற ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது போகிறதா நிற்கிறதா என்பதே தெரியவில்லை, சாயப்பட்டறை வாய்க்கால் மாதிரி, நிறம் மட்டும்தான் இருக்கிறது. அங்கே கீழே ஏதோ ஒரு மாடியில், இருட்டாக்கிய அறையில், அவளுடைய துளி இப்போது வரிசையில் போய்க்கொண்டிருக்கும். ஒன்றன் பின் ஒன்றாக. முந்தாமல், பேசாமல். நீல வெளிச்சம் வரும் இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு கணம் நின்று முகத்தைக் காட்டும். மின்னவில்லை, போ. மின்னவில்லை, போ. பூரணிக்கு அந்த முகங்களெல்லாம் தன் முகமாகத் தெரிந்தன. பள்ளிக்கூடத்துப் பூரணி, தாவணிப் பூரணி, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிகிற பூரணி, எல்லாரும் வரிசையில். நீ மனசோடு வந்தாயா என்று வெளிச்சம் கேட்கிறது. ஒருத்தி தலையைக் குனிகிறாள். அடுத்தவள் தலையைக் குனிகிறாள். பால் பொங்கும் அடுப்பின் முன் நின்றவள் வருகிறாள், அவளை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துப் பார்க்கிறார்கள். அவள் மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பூரணிக்குத் தெரியும், எந்தத் துணியையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அது ஒளித்து வைத்திருப்பது தெரிந்துவிடும். பதினாலுதான் வந்திருக்கிறது. மற்றவர்களுக்கு ஐம்பது வருமாம், நூறு வருமாம். நாற்பது வயசு, சக்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஊசி தவறாமல் போட்டுக்கொண்டாள், பிறகு ஏன் பதினாலு? வர மறுத்தவை எலும்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு ஞாபகம் இருக்கிறது. என்ன ஞாபகம்? அதை நினைக்க வேண்டாம். அதைத்தான் நினைக்கிறாள், ஐந்து நாளாக, பதினோரு வருஷமாக. அரசாங்க ஆஸ்பத்திரி வார்டு, இதே மாதிரி மல்லாக்கப் படுத்திருந்தாள், ஏழாம் மாசம், குழந்தை உள்ளேயே அடங்கிப்போயிருந்தது, எடுத்துத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள், தலையில் ஏதோ கோளாறு இருந்ததாம், பிறந்திருந்தாலும் தேறியிருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூரணி கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரியிடம் அக்கா மெல்லிய குரலில் சொன்னாள். பொறந்து கஷ்டப்படறதுக்கு இது தேவலைங்க. அவ்வளவுதான். அதில் கோபம் இல்லை, கெட்ட எண்ணம் இல்லை, ஊரில் யாரும் சொல்லக்கூடிய பேச்சு. தேவலைங்க. அதற்கப்புறம் அக்கா வீட்டுக்குப் பூரணி போகவில்லை. அக்கா மகள் சடங்குக்குப் போகவில்லை. அக்கா வாசலுக்கு வந்து நின்று, நான் என்னடி பண்ணினேன், சொல்லிட்டாச்சும் கோவிச்சுக்கோ என்று கேட்டபோது, ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். சொன்னால் அக்கா அழுவாள், மன்னிப்புக் கேட்பாள், அதோடு அது தீர்ந்துபோகும். தீர்ந்துபோனால் குழந்தைக்கு என்று மிச்சம் என்ன இருக்கிறது? அதற்குப் பெயர் வைக்கவில்லை, ஒரு போட்டோ இல்லை. அந்த ஒரு சொல்தான் இருந்தது. தேவலைங்க. அங்கேதான் எப்போதும் நிற்கும். அதற்கு மேல் ஞாபகம் போகாது, பஸ் கடைசி ஸ்டாப்பில் நின்றுவிடுகிற மாதிரி, இறங்கித் திரும்பி நடக்க வேண்டியதுதான்.

உதடு மரத்தது. முதலில் உதட்டைச் சுற்றிச் சின்ன எறும்புகள் ஊர்வது போலிருந்தது, பிறகு விரல் நுனிகளில். இதுவும் ஏதாவது தண்டனையோ என்று ஒரு கணம் நினைத்தாள். சிஸ்டர் என்றாள். பெனிட்டா வந்து முகத்தைப் பார்த்தாள். "வாயச் சுத்தி ஊருதாக்கா? கால்சியம் கொறையுது, அதான். எல்லாருக்கும் வர்றதுதான்" என்று இயந்திரத்தில் எதையோ அழுத்தி வேகத்தைக் குறைத்தாள். ஒரு மாத்திரையைப் பிட்டு நாக்கில் வைத்து, குழல் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். சுண்ணாம்புச் சுவை. பிறகு சலைனில் ஒரு மருந்தைச் சேர்த்தாள். கையிலிருந்து தோள், தோளிலிருந்து மார்பு என்று ஒரு வெதுவெதுப்பு பரவியது. பூரணிக்குக் கண் செருகியது. தூக்கம் இல்லை, விழிப்பும் இல்லை. வெதுவெதுப்பு மார்பில் வந்து நின்றது. மார்பில் இந்தச் சூடு எப்போது இருந்தது? கல்லாகக் கனத்து, தொட்டால் உயிர் போகிற மாதிரி. ஆமாம், பால். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. குடிக்க ஆள் இல்லை என்று உடம்புக்கு யார் சொல்வது? ரவிக்கை நனைந்து நனைந்து காய்ந்தது. அப்போது பூ வாசம். எங்கிருந்து வருகிறது இது? இந்த அறையில் மருந்து வாசம்தான் இருக்கிறது, ஆனால் பூ வாசம் வருகிறது, தொடுக்காத மல்லி, ஈரத் துணியில் பொட்டலமாக. பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். யார் கட்டினார்கள்? அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். மாமியார் ஊரில் இல்லை. விரல்கள் ஞாபகம் வருகின்றன, ரவிக்கைக் கொக்கியைக் கழற்றிய விரல்கள், ஆள்காட்டி விரலில் அரிவாள்மனை பட்ட பழைய தழும்பு. அக்காவின் விரல். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரிப் பூ வாங்கிக்கொண்டு வந்தாள். பழைய மெல்லிய சேலையைக் கிழித்து, பூவைப் பரப்பி, மூச்சு விட முடிகிற அளவுக்கு இறுக்கி முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டாள். பூ சூட்டில் வெந்து பழுப்பாகிவிடும். மறுநாள் அவிழ்த்துப் புதுப்பூ. மூன்று காலை. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் காலை அவிழ்க்கும்போது, வாடின பூவெல்லாம் மடியில் கொட்டியது. அக்கா அதைக் கூட்டி அள்ளி, குப்பையில் போடாமல், துணியோடு முடிந்து எடுத்துக்கொண்டு எங்கோ போனாள். எங்கே போனாள்? குழந்தையை எங்கே புதைத்தார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். பூரணிக்குத் தெரியாது. பூரணி கேட்டதே இல்லை. இவ்வளவும் அந்தச் சொல்லுக்கு அடுத்த சில நாட்களில் நடந்தது. அந்தச் சொல்லைச் சொன்ன அதே வாய், மூடிக்கொண்டு, பூவை அள்ளியது. இதெல்லாம் எங்கே இருந்தது இத்தனை வருஷம்? எலும்புக்குள்ளே இருந்ததா? சொல் சொல்லாகவே இருக்கிறது, ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. தேவலைங்க. ஆனால் அதற்குப் பக்கத்தில் இப்போது பூ இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி நினைப்பது என்று தெரியாமல் பூரணி கண்ணீர் வழியக் கிடந்தாள். துடைக்கக் கை இல்லை. காதுக்குள் போய்ச் சில்லென்றது.

ஒன்றரை மணிக்கு இயந்திரம் இரண்டு தரம் கூவி நின்றது. பெனிட்டா மேலே தொங்கிய பையைக் கழற்றிக் காட்டினாள். ரத்தம் மாதிரி இல்லை, சாயத்தில் ஒருமுறை முக்கி அலசிய வெளிறின சிவப்பு. ஒரு டம்ளர் அளவு. ஊசிகளை எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்து அழுத்தினாள். இரண்டு கையையும் இன்னும் ஒரு மணி நேரம் அசைக்காதீங்கக்கா என்றாள். முக்கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்தார், கையில் ஒரு தாள். பூரணிக்கு அவர் நடையிலேயே தெரிந்துவிட்டது.

"உங்க அக்கா எடைக்கு, கிலோவுக்கு நாப்பது லட்சம் செல்லாவது வேணும்னு பாத்தோம். பதினெட்டு லட்சம்தான் வந்திருக்கு."

நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் பயந்த மாதிரி இல்லை. "பத்தாதுங்களா?" என்று கேட்டாள்.

"இத வெச்சும் ஏத்தலாம். ரத்தம் ஊறி வர ரொம்ப நாளாகும். அது வரைக்கும் காய்ச்சல் கீய்ச்சல் வந்தா அவங்களால தாங்க முடியாது. நாளைக்கு இன்னொரு தடவை நீங்க உக்கார முடிஞ்சா நல்லது. சாயந்தரம் வேற ஒரு ஊசி போடுவோம். வலி இன்னும் கூடலாம்." டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "இது உங்க தப்பு இல்லை. சிலருக்கு எலும்பு சட்டுன்னு விட்டுக் குடுக்காது, காரணம் எங்களுக்கே தெரியறதில்லை. உடம்பு முடியலைன்னா சொல்லிருங்க. அன்னைக்குக் கேட்ட மாதிரியே கேக்கறேன்."

பூரணி வாயைத் திறப்பதற்குள் லோகநாதன் உள்ளே வந்தார். போனை நீட்டினார், பிறகு அவள் கையைப் பார்த்துவிட்டு அவரே காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். "மேல இருந்து. அக்கா" என்றார்.

முதலில் மூச்சுதான் கேட்டது. பிறகு, வாயெல்லாம் புண்ணாகிப் போனவர்கள் பேசுகிற குழறலில், "பூரணி?"

"ம்."

"ரொம்ப வலிச்சுதாமா கண்ணு. மாமா சொன்னாரு. பத்தலைங்கறாங்களாமா. விட்டுரு. எடுத்த வரைக்கும் போதும்னு நான் டாக்டருகிட்டச் சொல்றேன். நீ வந்ததே எனக்குப் பெருசு."

பூரணி கூரையைப் பார்த்தாள். வந்தது. மாமா கேட்டில் வந்து நின்றதால் வந்தது, பத்துக்குப் பத்து சேர்ந்துவிட்டதால் வந்தது, வேண்டாம் என்று சொல்ல நா எழாததால் வந்தது. டாக்டரம்மா தாளை மடித்தபடி காத்திருந்தார்.

"இன்னைக்கு வந்ததக் கணக்குல சேக்காதக்கா" என்றாள். "நாளைக்கு வர்றேன். அதச் சேத்துக்க."

"என்னடி சொல்றே? ஒண்ணும் புரியல."

"ஒண்ணுமில்ல. சாப்புட்டயா?"

"கஞ்சி. ரெண்டு கரண்டி எறங்குச்சு."

"இன்னும் ரெண்டு குடி."

அக்கா ம் கொட்டினாள். பூரணி டாக்டரம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். நாளைக்கு ஏழு மணிக்கா எட்டு மணிக்கா என்று உதட்டசைவிலேயே கேட்டாள். அவர் ஏழு விரலைக் காட்டிவிட்டு எழுந்து போனார். போனில் பேச்சு எதுவும் இல்லை. அந்தப் பக்கம் ஏதோ ஒரு பம்பு சீராக டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது, ஒரு தடவை தண்ணீர் விழுங்கும் சத்தம், ஒரு இருமல். வைக்கட்டுமா என்று அக்கா கேட்கவில்லை. பூரணியும் கேட்கவில்லை. லோகநாதனுக்குக் கை வலித்தது. போனை மற்றக் கைக்கு மாற்றி, கட்டிலைச் சுற்றி வந்து, அவளுடைய இன்னொரு காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.